இடப்பக்கப் பின்சக்கரம்

பிரேக்கை மிதிக்கும்போது சத்தம் வந்திருந்தால் மெடெர் கவலைப்பட்டிருக்க மாட்டான். காலை எடுத்த பிறகுதான் வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து, யாரோ பல்லைக் கடித்தபடி மூச்சிழுப்பது போல நீளமாகக் கீச்சிடும். காதைத் தீட்டினால் அடங்கிவிடும்.

விடிந்தால் தோலோன் மலைக்கணவாய் தாண்டி நாரின் நகருக்குப் போக வேண்டும். மனைவி ஐஜிரெக் கைக்குழந்தையோடு அங்கே ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். அதனால் மதியமே தன் ஊரான கொச்கோரில் மெக்கானிக் தோக்தோபெக்கிடம் வண்டியை விட்டான்.

"கல்லு கில்லு சிக்கியிருக்கும்டா. அப்பனானதும் உனக்குக் காது ரொம்பத்தான் நீண்டுபோச்சு," என்று சிரித்தபடி தோக்தோபெக் சக்கரத்தைக் கழற்றினார்.

கல் இல்லை. ஸ்பிரிங் சரி. கைப்பிரேக் கேபிளும் இறுகவில்லை. பிரேக் டிரம்மைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாரு."

மற்ற மூன்றும் சூடாக இருந்தன. இது மட்டும் பனியில் புதைத்து எடுத்தது போலிருந்தது.

"இது பிரேக்கே பிடிக்கலியா அண்ணே?"

"பிடிக்குது. லைனிங் பளபளன்னு தேய்ஞ்சிருக்கே."

அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

மாட்டி முடித்து, ஊருக்கு வெளியே இறக்கத்துக்கு ஓட்டிப் போனார்கள். மலையிலிருந்து மூடுபனி ஈரக் கம்பளி நாற்றத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. தோக்தோபெக் பின்சீட்டில் குப்புறப் படுத்து, வண்டியின் தரையில் காதை வைத்துக் கேட்டார். மெடெர் மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான். சத்தமே இல்லை.

"உன்கூட உள்ளே இன்னொரு ஆள் இருந்தா வராது போல. நான் இறங்கி நின்னு கேக்கறேன். நீ மெதுவா உருட்டு."

இறங்கிக் கதவைச் சாத்தினார். மெடெர் உருட்டினான். தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அவர் உருவம் சிறுத்தது.

கீச்சிட்டது.

சக்கரத்தில் இல்லை. உள்ளே. அவன் சீட்டுக்குப் பின்னால்.

கழுத்தில் குளிர்.

"இப்பக் கேக்குதுடா," என்றது தோக்தோபெக்கின் குரல், பின்சீட்டிலிருந்து. "நிறுத்தாதே."

கண்ணாடியில் தோக்தோபெக் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வந்தார். வாய் திறந்து திறந்து மூடியது.

மெடெர் மிதித்தான். பிரேக் மிதி தரைவரை போனது. வண்டி வேகமெடுத்தது. கைப்பிரேக். அதுவும் கயிறு போலத் தொளதொளத்தது.

வண்டியின் பின்பக்க ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக, யாரோ வாய் வைத்து ஊதுவது போல, வட்டவட்டமாக மங்கியது. ஓடி வந்தவரின் கால்கள் மறைந்தன. பிறகு கைகள். பிறகு முகம்.