ஈரக் குங்குமம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்...

'பெங்களூர் பிரேசர் டவுனில் இயங்கும் ஜீவதாரா ரத்த வங்கி, காகிதத்தை அறவே ஒழித்துக் கம்ப்யூட்டரை அரியணையில் அமர்த்திய நிறுவனம். ரத்தம் இல்லை என்று ஒருநாளும் சொல்லாத நிறுவனம். இங்ஙனம், டைரக்டர் டாக்டர் சந்திரசேகரன்.'

வாசலில் தங்க எழுத்துப் பலகை.

பலகைக்கு நேர் மேலே, மாடியில், ஒரு பிணம்!

லவினா கம்ப்யூட்டர் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஃபிராங்க்ளின். கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு டிஸ்க்... அதுவும் பிளந்து கிடந்தது. வங்கியின் மொத்த டேட்டாபேஸும் அதில்தான் இருந்தது.

டிஸ்க் க்ராஷ்!

செத்த டேட்டாபேஸ்களை உயிர்ப்பிப்பதுதான் லவினாவின் பிழைப்பு. தினம் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை அது. மண்டையின் மேல் க்ராஷ் ஆனதை இன்றுதான் பார்க்கிறாள்.

காலையில் அவன் போனில் பதறியது இன்னும் காதில் இருந்தது.

"லவினாக்கா! நானூத்திப் பதினேழாம் பாட்டில்... காமாலைக் கிருமி இருக்குன்னு டெஸ்ட்ல ரிஜெக்ட் ஆனது. யாரோ கம்ப்யூட்டர்ல 'நல்லது'ன்னு மாத்தி வெச்சிருக்காங்க!"

"நான் கிளம்பி வரேன்டா. அதுவரைக்கும் அந்த பாட்டில் வெளிய போகாமப் பாத்துக்கோ."

வந்துவிட்டாள். அவன்தான் போய்விட்டான்.

"பூசணிக்காய், இன்ஸ்பெக்டர்!" டைரக்டர் சந்திரசேகரன் டையைச் சரிசெய்தபடி விளக்கிக்கொண்டிருந்தார். "முந்தாநாள் ஆயுத பூஜைக்கு இந்த வாசல்லதான் உடைச்சோம். கூட்டறவ தசரா லீவு. பையன் டிஸ்க்கைக் கழட்டிக் கையில எடுத்துட்டு வந்திருக்கான். கால் வழுக்கி... ச்சே! என் மிசஸ் ஜெயலட்சுமிக்கு இன்னைக்கு கோல்ஸ் ரோடு நர்சிங் ஹோம்ல ஆபரேஷன். அவளைக்கூட விட்டுட்டு ஓடி வந்திருக்கேன். கடமை! அங்க அவளுக்கு ஏத்தறதும் நம்ம ரத்தம்தான்!"

"ஹௌதா? அப்படியா?" என்றார் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத், மீசையைச் சொறிந்தபடி.

லவினா பூசணித் துண்டை செருப்பு நுனியால் தொட்டாள்.

அப்பளமாகக் காய்ந்திருந்தது.

இதிலா வழுக்கினான்?

ஆம்புலன்ஸ் அவனை எடுத்துப் போனதும், இன்ஸ்பெக்டரைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போய் பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றாள். அவர் முகம் மாறியது.

"காலை வேன் போயாச்சேம்மா! எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு நிறுத்திடட்டா?"

"எல்லாத்தையும் நிறுத்தினா, மேஜை மேல வயித்தைத் திறந்து படுத்திருக்கறவங்க கதி?"

"அப்ப அந்த ஒரு நம்பரை மட்டும் பார்க்கச் சொல்றது!"

"பாட்டில் மேல நம்பரே கிடையாது சார். வெறும் கோடு கோடா இருக்கும். எந்தக் கோடு எந்த நம்பர், எங்க போச்சுன்னு டேட்டாபேஸுக்குத்தான் தெரியும்."

"பேப்பர்?"

"ஒழிச்சாச்சே! போர்டு பார்க்கலையா?"

உள்ளே வந்தார்கள். டைரக்டர் இரும்புப் பெட்டியிலிருந்து பேக்கப் டேப்பை எடுத்து, கும்பாபிஷேகக் கலசம்போல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"என் கையாலயே பூட்டி வெச்சது! ஆனா இது நேத்து ராத்திரி வரைக்கும்தானே? இன்னைக்குக் காலைல நடந்தது போச்சு. பாவம்."

"போகல சார். அது லாக்ல இருக்கு, ஒவ்வொரு பதிவும் அப்பப்ப தானா ஏறற நாட்குறிப்புல. டேப்பை இறக்கி, அது மேல லாக்கை ஓட்டினா, டிஸ்க் சாகறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் திரும்ப வந்துடும்."

"லாக்கா? அ... அது உடையலையா?"

"வேற டிஸ்க்ல இருக்கு சார். குத்துக்கல்லாட்டம் இருக்கு."

கம்ப்யூட்டர் யுகம் பற்றி ஊரெல்லாம் மேடை போட்டு முழங்கியவர், லாக் என்று ஒன்று இருப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறார்.

வியர்த்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

லவினா டேப்பை வாங்கினாள். அந்த அறையில் மவுஸ் முதல் யு.பி.எஸ். வரை, ஒவ்வொரு டேப் உள்பட, ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் வாங்காத சாமானே கிடையாது. எல்லாப் பொட்டும் வெடித்துப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

இந்த டேப்பில் இருந்த பொட்டு மட்டும்... கட்டைவிரலில் ஒட்டியது.

சிவப்பாக. ஈரமாக!

புதுசாக வைத்த பொட்டு. அப்படியென்றால் புதுசாக வைத்த டேப்!

டேப்பை உள்ளே தள்ளினாள். சுழன்றது. திரை அவள் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு...

"வந்துடுச்சு சார்!"

"எப்படி வரும்?!" டைரக்டர் கத்தினார். உடனே இருமினார். "அதாவது... எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

"காலை வேன் டெலிவரி. படிக்கறேன். பாட்டில் நானூத்திப் பதினேழு... கோல்ஸ் ரோடு நர்சிங் ஹோம்... பேஷன்ட் பேரு ஜெயலட்சுமி."



"ஐயோ! ஏத்தாதீங்க! அது காமாலை பாட்டில்!" போன்மீது பாய்ந்தார் சந்திரசேகரன். "ஜெயா!"

போனின் மேல் மஞ்சுநாத்தின் கை ஏற்கெனவே இருந்தது.

"டாக்டரே, இந்தம்மா நம்பரைத்தான் படிச்சாங்க. காமாலைன்னு யார் சொன்னது?"

"கையை எடுய்யா! நான்தான் மாத்தினேன், போதுமா? தசராவுக்கு ஒரு டோனரும் வரல. இல்லைன்னு சொல்ல முடியுமா? போர்டு போட்டிருக்கேன்யா! அந்தப் பையன் போலீஸ்ல சொல்றேன்னு நின்னான்... ரேக்ல டிஸ்க்தான் கைக்குக் கிடைச்சது..." ப்ரீஃப்கேஸைக் கவிழ்த்தார். இன்னொரு டேப் விழுந்தது. "இதுதான்மா நிஜ டேப்! இதுல சரியாப் பாரு! அவளா இருக்கக் கூடாது!"

லவினா குனிந்து எடுத்தாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

"அப்ப மொதல்ல போட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலி டேப் சார். ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. எனக்கு இன்னைக்குத் தெரிஞ்ச நம்பர் ஒண்ணு, தெரிஞ்ச பேஷன்ட் ஒருத்தர். ரெண்டையும் சேர்த்துப் படிச்சேன்."

சந்திரசேகரன் தரையில் சரிந்தார். விலங்கை மாட்டியபடி மஞ்சுநாத் சொன்னார்:

"கவலைப்படாதீங்க டாக்டரே. கோர்ட்ல தாராளமா இல்லைன்னு சொல்லலாம். அங்க போர்டு கிடையாது."

லவினா சிரிக்கவில்லை. அந்த பாட்டில் இன்னும் எங்கோ, யாருடைய கைக்கு மேலேயோ தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நிஜ டேப்பை இறக்கினாள். இந்த முறை திரையில் எழுத்துகள் ஓடின. அவசரமில்லாவிட்டால் ஏத்த வேண்டாம் என்று மஞ்சுநாத் ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிவிட, ஒவ்வொன்றிலிருந்தும் போன் வந்துகொண்டே இருந்தது. ஏத்தலாமா? ஏத்தலாமா? பொறுங்க என்று சொல்லிச் சொல்லி இன்ஸ்பெக்டரின் தொண்டை கட்டியது. மத்தியானம் சாய்ந்தது. டேப் முடிந்து லாக் ஓடத் தொடங்கியது. நேற்று... இன்று அதிகாலை... வேன்...

கடைசி வரி.

ஃபிராங்க்ளின் செத்துப்போவதற்குச் சற்றுமுன் தட்டியது. லவினா போனில் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் தட்டியிருந்தான்.

'417. வேனிலிருந்து இறக்கியாச்சு. கீழ் ஃபிரிட்ஜ், அடித்தட்டு.'

படிகளில் விழுந்தடித்து ஓடினாள். இருந்தது. கோடுகளின் மேல் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, பத்திரமாக, குளிர்ந்துபோய்.

அந்த பாட்டில் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

ஃபிரிட்ஜ் பூட்டியிருக்கவும் இல்லை. யாராவது திறந்து பார்த்திருந்தாலே போதும்.