வெட்டி எடுத்த பதினேழு விநாடி

காலையிலிருந்து ஆறாவது தடவையாகக் கூடத்தில் அந்த வயலின் அழுதது. சமையலறையில் நின்றவள் அடுப்பை அணைத்தாள்.

கணவரின் போனில் ஓடியது பதினேழே விநாடிப் படம். மாமனாரின் கையிலிருந்து மாத்திரையையும் டம்ளரையும் அவள் வெடுக்கென்று பிடுங்குகிறாள். கிழவர் விம்மி அழுகிறார். பேச்சுச் சத்தமே இல்லை, வயலின் மட்டும். நேற்று நாத்தனார் அனுப்பியது.

"இருபது வருஷமா நல்லவ வேஷமா போட்டே?" பட்டறைக்குப் போகாமல் கிடந்த கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி பத்து மணிக்கு வர்றா, அப்பாவைக் கூட்டிட்டுப் போக. நீயும் உன் பெட்டியைக் கட்டிக்க!"

"என்னங்க... நான்..."

"பேசாதே! கண்ணால பார்த்துட்டேன்!"

அவர் நகர்ந்ததும் மகள் உள்ளே வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. முகம் வெளிறியிருந்தது.

"அம்மா... அதை வெட்டினது நான்தாம்மா."

அவள் சட்டென்று கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஊடகப் பாடத்துல குடுத்த வேலைம்மா. அதுக்காக வீட்டுல எடுத்துக்கிட்டிருந்தப்போ இதுவும் பதிவாயிடுச்சு. ஒரே படத்தை ரெண்டு விதமா வெட்டணும். ஒண்ணு நிஜம், ஒண்ணு பொய். எப்படி ஏமாத்தறாங்கன்னு புரிஞ்சுக்கத்தான்... பொய்யை மட்டும் என்கூடப் படிக்கற அத்தை பொண்ணு அவ வீட்டுல காட்டிட்டா. நான் சொல்லிடறேம்மா..."

"வாயைத் திறக்காதடி!" அவள் மகளின் வாயைப் பொத்தினாள். "கேமராவும் கையுமா அலையற படிப்பு வேண்டாம்னு உங்கப்பா அன்னிக்கே குதிச்சார். தெரிஞ்சா உன் படிப்புக்கு இன்னிக்கே முழுக்கு. பழி என்னோட போகட்டும்."

ஆனால் அவளைப் பிடித்து ஆட்டிய பயம் வேறு. மாமனாருக்கு மறதி முற்றிக்கொண்டிருந்தது. போட்ட மாத்திரையையே திரும்பத் திரும்பப் போடுவார். 'பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்மா, என்னைப் பாரம்னு நினைச்சுடுவாங்க' என்று கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருந்தார். நாத்தனார் வீட்டிலோ பகல் முழுக்க ஆளில்லை. அங்கே போனால் மாத்திரை டப்பா அவர் கையிலேயே இருக்கும்.

பத்து மணிக்கு நாத்தனார் புயலாக நுழைந்தாள்.

"பெத்த தாய் மாதிரி நினைச்சேனே அண்ணி! எங்கப்பா கையிலேருந்து மாத்திரையைப் பிடுங்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நாத்தனார் அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். அதைப் பார்த்ததும் தலை குனிந்து நின்றவள் பதறி முன்னால் வந்தாள்.

"அந்த டப்பாவை மட்டும் அவர் கையில குடுத்துடாதே! உன் கால்ல வேணா விழறேன்..."

"பார்த்தியாண்ணா? இப்பவும் அப்பா கைக்கு மாத்திரை போகக் கூடாதாம்!"

"போதும் அத்தை!" மகள் ஓடிவந்து தன் போனை டிவியில் இணைத்தாள்.

"வேண்டாம்டி!" என்று அம்மா அலறினாள். மகள் நிறுத்தவில்லை.

"கண்ணால பார்த்ததும் பொய்தாம்ப்பா. பொய்யாக்கினது நான். என்னை என்ன வேணா பண்ணுங்க... ஆனா வெட்டாததைப் பாருங்க."

பெரிய திரையில் வயலின் இல்லை. அம்மாவின் குரல்தான் கேட்டது. "மாமா, வேண்டாம்! மூணாவது தடவை போடறீங்க! உயிருக்கே ஆபத்து!" பிடுங்குகிறாள். கிழவர் குழந்தையாக விம்முகிறார். வயலின் படம் முடிந்த இடத்திலும் இது முடியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா... அழாதீங்க..."

கணவர் தன் போனிலிருந்த வயலின் படத்தை அழித்தார்.

நாற்காலியிலிருந்த மாமனார் திரையையே உற்றுப் பார்த்தார்.

"பாவம்... யாரும்மா அந்த ஆளு? ஏன் இப்படி அழறாரு?"

நாத்தனாரின் கையிலிருந்து பை நழுவியது. ஓடிவந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அண்ணி... இந்தப் பயத்தை எத்தனை நாளா ஒத்தையா சுமந்தீங்க? நான் பாவி அண்ணி!"

கணவர் தன் கையை மனைவியின் தலைமேல் வைத்தார். "மன்னிச்சுடு" என்றார், பிறகு மகளையும் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"சொல்லுங்களேன், யாரு அது?" கிழவர் மிரண்டுபோய் மறுபடி கேட்டார்.

அவள் வாயெடுக்குமுன் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்டு ஆளுதாம்ப்பா. பயப்படாதீங்க... அவரை நாங்க எல்லாரும் பார்த்துக்கறோம்."