ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

முதல் சந்திப்பிலேயே மேபல் அவனுடைய சப்பாத்தில் வாந்தி எடுத்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. மாதா கோயிலுக்குள் பாட்டுப் பூசை பாதியில் இருந்தது. அவள் பாடிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையால் நெற்றியைப் பிடித்தபடி பக்கவாசலால் ஓடி வந்தாள். வெளியே கண்டியின் ஆடி மாதத்து மழை... அடித்து ஊற்றாமல், விடவும் செய்யாமல், நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. விறாந்தையின் ஓரம்வரை போய்விட்டால் போதும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாள். அந்த ஓரத்தில்தான் ஓர் ஆள் மடக்கிய குடையோடு நின்றான்.

வெறும் வயிறு. அதனால் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மஞ்சளாகக் கொஞ்சம் கசப்புத் தண்ணீர். ஆனால் குறி தப்பவில்லை.

“மன்னிச்சுக்குங்க...” என்றாள்.

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். “பரவாயில்ல. எப்படியும் நனைஞ்ச சப்பாத்துதான்.”

“கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம் நீங்க.”

“நான் நின்ன இடத்துலதான் நின்னேன். நீங்கதான் என்னத் தேடி வந்தீங்க.”

தலை வெடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவன் கண்களின் நிறம் அவளுக்குத் தெரிந்தது. பாலில்லாத தேத்தண்ணியைக் கிளாசோடு வெளிச்சத்துக்குப் பிடித்தால் வருமே, அந்தச் சிவப்புக் கலந்த பழுப்பு. தேத்தண்ணிக் கடைக்காரன் மகளுக்கு வேறென்ன தோன்றும்?

அவன் தன் கைக்குட்டையை மழையில் நனைத்துப் பிழிந்து நீட்டினான். அவள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்தது... கண்ணை மூடினாள். திறந்தபோது எதிரே அத்தை அந்தோனியம்மா நின்றாள், கையில் தீர்த்தப் புட்டியுடன்.

“யாரு இது?”

“தெரியாது அத்தை. நான் இவரு சப்பாத்தை...”

“பேசாத. பேசினா அதுதான் பேசும்.” அத்தை தீர்த்தத்தை மேபலின் முகத்தில் மட்டுமல்ல, முன்யோசனையாக அவன் மேலும் தெளித்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

‘அது’ என்றால் பேய்.

இரண்டு வருடமாக இந்தத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கோயிலில் மட்டும். காரணம் தேடாத இடமில்லை. சாம்பிராணிப் புகை என்றார்கள். பாட்டுக்காரரை யன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார்கள். கண் என்றார்கள், கண் டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணால் எண்பது வயதிலும் ஊசி கோர்க்கலாம் என்றார். பல் என்றார்கள், நல்ல கடைவாய்ப் பல் ஒன்று போனது. கம்பளை வைத்தியர் மூக்கில் எண்ணெய் விட்டார். ஒரு மாதம் அவளுக்கு எல்லாமே எண்ணெயாக மணத்தது. தலைவலி மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தது.

பிறகுதான் அத்தை யோசித்துச் சொன்னாள். கோயிலுக்குள் போனால் வருகிறது. வீட்டுக்கு வந்தால் போகிறது. சாமியைக் கண்டால் யாருக்குத் தலை வலிக்கும்?

அந்தப் பேச்சு ஊரில் பரவியதும், பெண் பார்க்க வந்த கம்பளைக்காரர்கள் மறுபடி வரவில்லை. அது கிடக்கட்டும், அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அத்தை அதே கம்பளையில் ஒரு பேய் விரட்டுபவனைப் பேசி வைத்திருந்தாள். பிரம்பால் அடிப்பானாம். அடுத்த ஞாயிறும் பூசையில் தலை வலித்தால் திங்கட்கிழமை புறப்பாடு. அன்றும் பாதியில் ஓடினால் பாட்டுக்கு இனி வர வேண்டாம் என்று கோயிலிலும் சொல்லிவிட்டார்கள், அடுத்த ஞாயிறுதான் கடைசித் தவணை.

பாட்டில்லாத ஞாயிற்றுக்கிழமையை மேபலால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிரம்பைக்கூட நினைக்க முடிந்தது.

அப்பா சுவக்கினின் கடை ஸ்டேசன் பக்கத்து ரோட்டில். பின்னால் வீடு. அன்று கோயிலிலிருந்து மேபல் வந்து உட்கார்ந்ததும் அவர் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை முன்னால் வைத்தார். அவள் குடித்தாள். இன்னொன்று வைத்தார். அதையும் குடித்தாள்.

“இத விட்டுட்டுப் போயிட்டீங்க.”

வாசலில் அவன். சப்பாத்தைக் கழுவியிருந்தான். கையில் அவளுடைய செபப் புத்தகம்.

அவன் பெயர் லியோன். புசல்லாவையில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கருக்கு உதவியாள். அப்பா அவனை உட்காரச் சொன்னார். தேயிலைக்காரன் என்று தெரிந்ததும் தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தார்.

லியோன் சுவைத்துவிட்டு, “நல்லா இருக்குங்க,” என்றான். அப்பாவின் முகம் மலர்ந்தது.

“எம் மக பார்க்காம இங்க ஒரு சொட்டு வெளியில போகாது தம்பி. காலையில அஞ்சு மணிக்குத் தொடங்கினா ராத்திரிவர பன்னெண்டு தரம் தேயிலைச் சாயம் இறக்குவேன். ஒவ்வொரு தரமும் முதல் கிளாஸ் இவளுக்கு. இவ சரின்னாத்தான் சரி. ரெண்டு வருசமா இதுதான் ராசி.”

லியோன் கிளாஸை மெல்லக் கீழே வைத்தான்.

“துப்பிருவீங்களா?” என்று அவளிடம் கேட்டான்.

“என்னது?”

“எங்க ஃபெக்டரியில வாயில வச்சுச் சுவை பார்த்துட்டுத் துப்பிருவோம்.”

“எங்கப்பா போட்ட தேத்தண்ணியை நான் துப்புறதா?” மேபலுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “முழுக் கிளாஸையும் குடிச்சாத்தான் மரியாதை.”

“இப்ப தலைவலி எப்படி?”

அப்போதுதான் அவள் கவனித்தாள். தலைவலி போயிருந்தது.

“சனிக்கிழமை எத்தன மணிக்குக் கடைசியாக் குடிச்சீங்க?”

“மூணு மணி. அதோட அன்னைக்கு அப்பாவே சுவை பார்த்துக்குவாரு, எனக்குக் கோயில்ல பாவசங்கீர்த்தனம். அதுக்குப் பிறகு மறுநாள் பூசையில நன்மை வாங்குறவர கஞ்சி மட்டும்தான் குடிப்பேன், நடுச்சாமத்துக்குப் பிறகு அதுவும் இல்ல.”

லியோன் விரலில் மணிக்கணக்குப் பார்த்தான். “பதினெட்டு மணி நேரம். நாளுக்குப் பன்னெண்டு கிளாஸ் குடிக்கிற உடம்பு பதினெட்டு மணி நேரம் சும்மா கிடந்தா தலையைப் பிடிச்சுக் கேக்காதா? வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் விழுங்கினவன்தான். லீவுக்கு வீட்டுக்குப் போனா தலை ரெண்டாப் பிளக்கும். துப்பத் தொடங்கின பிறகு நின்னுச்சு. உங்களுக்குப் பேயுமில்ல ஒண்ணுமில்ல. தேத்தண்ணிதான்.”

பக்கத்து மேசையில் பழக்கடை ஹுஸைன் வடையைக் கடித்த வாயோடு நிறுத்திக்கொண்டார்.

மகளுக்குப் பேய் என்று சொன்னபோது சுவக்கின் அழுதார். தேத்தண்ணி என்று சொன்னபோது எழுந்து நின்றார்.

“என் தேத்தண்ணியில குத்தமா?”

“குத்தம்னு சொல்லலைங்க...”

“நானும் நாள் முழுக்கக் குடிக்கிறேன். எனக்கு ஏன் வலிக்கல?”

“நீங்க எந்தப் பூசைக்குப் போறீங்க?”

“விடியப் பூசைக்கு.”

“வந்ததும் முதல் வேலை என்ன?”

பதில் சுவக்கினின் கையிலிருந்த கிளாஸில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. “வெளியில போ,” என்றார். “என் கடையில உக்காந்து, என் தேத்தண்ணியக் குடிச்சுட்டு...”

மேபலும் எழுந்தாள். அப்பாவை ஒருவன் ஊருக்கு முன்னால் மடக்கினால் பார்த்துக்கொண்டிருக்கவா முடியும்? “சப்பாத்துக்கு இப்பிடிப் பழி வாங்குறீங்களாக்கும்,” என்றாள்.

அவன் வாசலில் நின்று திரும்பினான். கோபப்படவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

“நாளைக்குத் திங்கக்கிழமை. கோயிலுமில்ல, சாம்பிராணியுமில்ல. ஒரு சொட்டுக் குடிக்காம இருந்து பாருங்க. தலை வலிச்சா நான் சொன்னது சரி. விடாமப் பொறுத்தா மூணு நாள்ல அடங்கிரும். வலிக்கலன்னா... அடுத்த ஞாயிறு வந்து உங்கப்பா கால்ல விழுறேன்.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். மழை அவன் முதுகை மறைக்கும்வரை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் கிளாஸ் பின்வாசல் வாழைக்குப் போனது. இரண்டாவதும் போனது. “சரியா இருக்கா?” என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். “சரியா இருக்கு,” என்றாள், வாழைக்காக.

பதினொரு மணிக்கு நெற்றிக்குள் யாரோ தட்டினார்கள். மூன்று மணிக்குக் கதவை உடைத்தார்கள். அடுப்படியில், திங்கட்கிழமையில், ஒரு சாமியும் இல்லாத இடத்தில் மேபல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து... சிரித்தாள். இரண்டு வருடத்தில் ஒரு தலைவலி அவளுக்கு இவ்வளவு சந்தோசம் கொடுத்ததில்லை.

அத்தை அதைப் பார்த்துவிட்டாள். தலையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்தால் எந்த அத்தைக்குத்தான் பயம் வராது? “அது வீட்டுக்கே வந்திருச்சு,” என்று கத்திக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

சுவக்கின் வந்தார். மகளைப் பார்த்தார். பின்வாசலில், வாழையின் அடியில் சிவந்து கிடந்த மண்ணையும் பார்த்தார்.

“ஊத்துனியா?”

“ஊத்துனேன் அப்பா.”

“அவன் சொன்னான்னா?”

“நான் பாடணும்னு அப்பா. பேய் பிடிச்சவன்னு பேர் வாங்கிப் பிரம்படி வாங்குறதவிட, இந்த மூணு நாள் வலிய வாங்கிக்கிறேன். உங்க தேத்தண்ணி மோசமில்ல. ரொம்ப நல்லா இருக்கு, அதுதான் விடமாட்டேங்குது.”

சுவக்கின் திரும்பிக் கடைக்குப் போனார். அன்றிலிருந்து முதல் கிளாஸை அவள் முன் வைக்கவில்லை. அவளோடு பேசவும் இல்லை. செவ்வாய் முழுக்க அவள் பாயில் கிடந்தாள். புதன் மாலை எழுந்து தோசை கேட்டாள். வியாழக்கிழமை மாவாட்டிக்கொண்டே பாடினாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சுவக்கின் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு. விடியப் பூசைக்குப் போகாமல், கடையைத் திறக்காமல், சுவக்கின் பாட்டுப் பூசைக்கு வந்தார். வெறும் வயிறு, வெள்ளைக் கோட்டு, நிமிர்ந்த நடை. தனக்கு ஒன்றும் ஆகாது, ஆகாதபோது அந்தப் புசல்லாவைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான் அவர் திட்டம். லியோன் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றான். மேபல் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியும் தெரியவில்லை. நல்லவேளை, எல்லாம் மனப்பாடம்.

பாடினாள். வழக்கமாக ஓடும் இடம் வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை... வெறும் நெற்றி. நாக்கில் நன்மை அப்பம் வாங்கினாள். பூசை முடிந்து மாதா பாட்டைத் தனியாக எடுத்தபோது குரல் கூரைவரை ஏறியது. எல்லாரும் தலையைத் திருப்பினார்கள், ஒருவரைத் தவிர.

சுவக்கினால் தலையைத் திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே படியில் அவரை உட்கார வைத்தபோது அத்தை தீர்த்தப் புட்டியோடு வந்தாள். தன் தம்பி சுவக்கினைப் பார்த்தாள். புட்டியைப் பார்த்தாள்.

“தெளிச்ச, பாத்துக்க,” என்றார் சுவக்கின். “எனக்குப் பேயில்லக்கா. தேத்தண்ணி.”

அத்தை புட்டியை முந்தானைக்குள் செருகினாள். கம்பளைக்குப் போகும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

லியோன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். சுவக்கின் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“சந்தோசமா தம்பி?”

“உங்க தலைவலியிலயா? இல்லைங்க.”

“மேபல், ஓடிப்போய்க் கடையைத் திற. இவரு ரொம்பத் தெரிஞ்சவரு, தண்ணி கொதிக்கவாவது வைப்பாரு. கூட்டிட்டுப் போ. நாங்க பின்னால வர்றோம்.”

மழை விட்டிருந்தது. ரோட்டோரத்து மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரு முழம் இடைவெளி விட்டு நடந்தார்கள்.

“புசல்லாவையில இருந்து இங்க வர்ற வழியில கோயிலே இல்லயா?” என்றாள் மேபல்.

“இருக்கு.”

“அப்ப ஏன் இவ்வளவு தூரம்?”

“நாலு மாசத்துக்கு முன்னால ஒரு வேலையா வந்தேன். நீங்க பாடினீங்க. பாதியில நின்னு போச்சு. மிச்சத்தக் கேக்கலாம்னு அடுத்த ஞாயிறு வந்தேன். அன்னைக்கும் பாதிதான். இப்படியே...”

“இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டாச்சே. இனி நீங்க வர வேண்டியதில்ல.”

“வேண்டியதில்லதான்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“ஆனா வருவேன்,” என்றான் அவன். “பாட்டுக்காக இல்ல. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்களைப் பிடிச்சிருக்கு. உங்கப்பாகிட்டயும் இதையேதான் சொல்லணும். அவருக்குத் தலைவலி விட்ட பிறகு சொல்றேன்.”

மேபல் நின்றுவிட்டாள். பதில் சொல்லாமல் போனால் வெட்கம் என்று நினைப்பான்; இவ்வளவு நேர்மையாகச் சொன்னவனுக்கு அது நியாயமில்லை.

“திங்கக்கிழமை தலை வலிச்சப்ப நான் சிரிச்சேன்,” என்றாள். “பேயில்லன்னு தெரிஞ்ச சந்தோசம்னு நெனச்சேன். செவ்வாய்க்கிழமை பாயில கிடந்து யோசிச்சப்பதான் தெரிஞ்சுது... அது இல்ல. நீங்க சொன்னது சரியாப் போச்சே, ஞாயித்துக்கிழமை தலை நிமிர்ந்து வருவீங்களேன்னுதான் சிரிச்சிருக்கேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் வெயில் விழுந்தது. அவள் பார்த்தாள்... இந்த முறை பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பின்னால் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த சுவக்கினின் குரல் கேட்டது.

“நடு ரோட்டுல என்ன பேச்சு? இங்க எனக்கு உசிரு போகுது. ரெண்டு பேருமாப் போய் அடுப்ப மூட்டுங்க.”

ரெண்டு பேருமா, என்றார். இருவரும் அதைக் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஈர ரோட்டில் ஓடத் தொடங்கினார்கள்.