பட்டி பூசிய தகடு

அந்த வீட்டில் யாரும் 'அம்மா' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படியொரு கட்டளையை எவரும் பிறப்பித்ததில்லை. ஆனாலும் கதவிடுக்கில் விரல் நசுங்கினால்கூட அந்த வீட்டுப் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு 'ஐயோ' என்று மட்டுமே அலறப் பழகியிருந்தார்கள். அவர்களில் இளையவளான அவளுக்கு ஆறு வயதானபோது அம்மா போய்விட்டாள். எங்கே என்று அப்பா சொல்லவில்லை, பன்னிரண்டு வயது அண்ணன் கேட்கவில்லை. அவள் துணிந்து கேட்ட ஒரே நாளில், சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதிய ஓசைதான் பதிலாகக் கிடைத்தது. அதன்பின் நாற்பத்தோரு ஆண்டுகள், தரையில் திறந்து கிடக்கும் குழியைச் சுற்றி நடப்பதுபோல, அந்தச் சொல்லைச் சுற்றியே குடும்பம் நடந்தது.

அப்பா இறந்ததும் அண்ணனுக்கு வீடு வந்தது. அவளுக்கு, வீட்டை ஒட்டிய கொட்டகையில் சக்கரங்களில் காற்று இறங்கிக் கிடந்த பழைய பிக்கப் வண்டி வந்தது.

"அப்பா உசுரே அதுலதான் இருந்துச்சு. அத உனக்குன்னு எழுதி வச்சிருக்காரு பாரு" என்றான் அண்ணன். கூச்சமே இல்லாமல் ஒரு மனிதனால் எப்படி இந்த வாக்கியத்தை முடிக்க முடிகிறது என்று அவள் வியந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. சலவை நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் இஸ்திரி போட்டு அவளுடைய வலது மணிக்கட்டு செத்துப்போயிருந்தது. மருத்துவமனைத் துணிமூட்டைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஓடுகிற வண்டியோடு வந்து நின்றால் அது அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். கழித்துப்போட்ட வண்டிகளிலிருந்து பிடுங்கிய உதிரிகளைக்கொண்டு எஞ்சினுக்கு எப்படியோ உயிர் வந்தது. எஞ்சியது தகர வேலை. ஒடுக்குத் தட்டும் டிங்கருக்குப் பாதி நாள் கூலிதான் கொடுக்க முடியும் என்பதால், உப்புத்தாளைத் தானே இடக்கையில் எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மேல்பூச்சைச் சுரண்டியபோது, அடியில் பள்ளம் நிரப்பப் பூசியிருந்த பட்டி அப்பளம்போலப் பெயர்ந்து விழுந்தது.

"அக்கா, உங்கப்பா தகரத்துல வண்டி ஓட்டல, பட்டியிலயே ஓட்டியிருக்காரு. இதுல ஒரு வீட்டுச் சுவரே பூசிடலாம்" என்று சிரித்தான் டிங்கர். அடுத்த கணம் அவன் சிரிப்பு நின்றது. ஓட்டுநர் அறைக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே, வண்டியின் அகலம் முழுவதற்கும், அப்பா தன் கையாலேயே பற்றவைத்த ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. கருவிகளுக்கென்று சொல்லியிருந்தாலும் அதன் மூடியை நான்கு புறமும் வெல்டிங் செய்து அடைத்திருந்தார். டிங்கர் அந்த மூடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஒடுக்குன்னா வெளியிலேருந்து உள்ளதான் போகும். இது உள்ளேருந்து வெளிய வந்திருக்கு. கை வச்சுப் பாருங்க."

அவள் கை வைத்தாள். முஷ்டியளவான மேடுகள், பக்கத்தில் பக்கத்தில், இரண்டிரண்டாக. அவற்றுக்கு இடையிலிருந்த பள்ளங்களை நிரப்பி நிரப்பித்தான் அப்பா மேல்பரப்பைச் சமமாக்கியிருக்கிறார்.

மூடியை அறுத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. துருவும் ஒரு கைப்பிடித் தூசியும் மட்டுமே. ஆனால் வெட்டிய இடுக்கிலிருந்து ஒரு வாடை எழுந்து கொட்டகையில் தங்கிவிட்டது. எண்ணெய் வைத்து நாளான கூந்தலின் வாடை.

"பழைய ஆயில் நாத்தம்க்கா" என்றான் டிங்கர், அவள் கேட்காமலே. திறந்தே விட்டால் வண்டியின் சட்டம் ஆடும் என்பதால், உடைந்த பீரோ ஒன்றின் கதவை வெட்டி அந்தத் தகட்டைப் புது மூடியாகப் பற்றவைத்தான். வழவழப்பான, ஒரு கீறலும் இல்லாத தகடு.

வெள்ளிக்கிழமை காலை, தேய்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, தகர வேலைக்காரர்கள் செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தாள். நடுவில் கை ஏறி இறங்கியது.

"வெல்டிங் சூட்டுல தகடு தூக்கும்க்கா. சகஜந்தான்" என்று டிங்கர் சுத்தியலால் அதைத் தட்டி அடக்கினான். சனிக்கிழமை காலை அது மீண்டும் எழுந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. டிங்கர் பையைத் திறக்காமலே வாசலில் நின்றான்.

"வேற ஆளப் பாத்துக்குங்கக்கா. ரெண்டு நாள் கூலியும் வேணாம்."

"ஏம்ப்பா, தகரத்துக்கே பயந்துட்டியா?"

"தகரத்துக்கு இல்லக்கா."

மூலையில் அப்பா விட்டுப்போன பட்டி அரை டப்பா இருந்தது. அவள் அதைக் குழைத்து, மேடுகளைச் சுற்றியிருந்த பள்ளத்தில் வழித்துத் தடவினாள். தேய்த்தாள். மறுபடி தடவினாள். அகன்ற பட்டைக் கரண்டியை ஒருக்களித்து இழுத்த தன் கை, அப்பாவின் கை இழுத்த அதே கோணத்தில் இழுக்கிறது என்பதைத் திடீரென்று கண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

ஞாயிறு பிற்பகல். வெளியே மழை, கூரைத் தகரத்தில் ஒரே சீரான இரைச்சல். அந்தச் சீரில் சேராத ஓசையொன்று இடையில் கேட்டது. டொக். அவள் உப்புத்தாளை நிறுத்தினாள். மழை மட்டும். மறுபடி தேய்த்தாள். டொக், டொக். காய்ந்த பட்டியில் முடியிழைபோல ஒரு விரிசல் ஓடியது. வாடை அடர்ந்தது. கீழிருந்து. தகட்டுக்கு அடியிலிருந்து. அறுத்துப் பார்த்த பெட்டி. காலிப் பெட்டி.

டொக்.

"இன்னும் முடிக்கலையா நீ?" ஷட்டரின் அடியில் குனிந்து அண்ணன் உள்ளே வந்தான். "இந்த ஓட்டை வண்டிய இரும்புக் கடைக்குப் போட்டுடு. வேற வண்டிக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"சொந்தத் தங்கச்சிக்கு ஒரு அறை ஒதுக்க மனசு வரல, இப்போ வண்டி வாங்கித் தரப் போறியா?"

டொக், டொக்.

அவன் முகத்தில் வியப்பு இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதன்முறையாகக் கேட்பவனின் முகம் அல்ல அது.

"எத்தன வருஷமா கேக்குது உனக்கு?"

அவன் கூரையைப் பார்த்தான். "அவர் இருந்த வரைக்கும் வாரம் ஒருநாள் பட்டி பூசுவாரு. நான் குழைச்சுக் குடுப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"பாப்பா... அவங்களப் பெட்டிக்குள்ள தள்ளி அவர் பிடிச்சுக்கிட்டாரு. மூடிய அழுத்துடான்னாரு. பன்னெண்டு வயசு எனக்கு. ஏறி உக்காந்தேன்." அவன் ஷட்டர் பக்கம் ஓரடி நகர்ந்தான். "அப்புறம் அவர் ராத்திரியோட ராத்திரியா எங்கயோ ஓட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தாரு. பெட்டி காலி. ஆனா தட்டுறது நிக்கல. கூப்பிட்டுடாத. நாம யாருமே கூப்பிடாததாலதான் அது உள்ளயே இருக்கு."

அவள் உப்புத்தாளைக் கீழே போட்டாள். தகட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"வேணாம்டீ!"

"அம்மா" என்றாள்.

தட்டல் நின்றது. மழைகூட நின்றதுபோலிருந்தது.

"அம்மா, நான்தான்."

தகடு சூடானது. அவள் கைக்கடியில் இரும்பு இளகியது. ஐந்து மெல்லிய மேடுகள். அவை அவள் விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்தன. கோத்தன. மூடின. அவள் இழுத்தாள். வரவில்லை.

"அண்ணா!"

முதுகுக்குப் பின்னால் அண்ணன் ஷட்டரை இறக்கும் ஓசை. தரையில் வெளிச்சம் ஒரு முழமானது. ஒரு சாண். ஒரு விரல்கடை. வெளியே பூட்டு கொக்கியில் விழுந்தது.

இருட்டில், அவளுடைய இன்னொரு கையைத் தேடி, தகட்டின்மேல் இரண்டாவது கை எழத் தொடங்கியது.