கத்தாத வண்டி

பழைய கார் பார்க்கப் போகும்போது கூடவே மெக்கானிக் அண்ணன் ஒருவன் வருவது பெரிய தைரியம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு அந்தத் தைரியம் இருந்தது. அன்று மதியம் இருவரும் போய் இறங்கிய வீட்டில் பட்டப்பகலிலும் சன்னல்கள் சாத்திக் கிடந்தன. கொட்டகை இருட்டில் கார் நின்றது. விற்பவர் சாவியை நீட்டிவிட்டு, பேசினால் குறைந்துபோவார் என்பதுபோல் ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் குனிந்து பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான், எழுந்து உதட்டைப் பிதுக்கினான்.

"கிளட்ச் போயிடுச்சு. பிரேக் மாத்தணும். அடியில துரு வேற. வேணாம்மா, வம்பை விலை கொடுத்து வாங்காதே."

"குருவிக்கு மறுபடி இரைப்பு வந்தா நான் எங்கேண்ணா ஓடுவேன்?"

குருவி அவளுடைய சின்ன மகள். போன மழைக்காலத்தில் பிள்ளைக்கு மூச்சு இரைத்து உதடு நீலம் பாரித்தபோது, எந்த வண்டியும் நிற்காத ரோட்டில் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். நடுவழியில் நின்றுபோகிற கார் ஆபத்துதான். கார் இல்லாதது அதைவிட ஆபத்து. அவள் யோசனை அதோடு நின்றது.

ஒரு வேடிக்கையும் இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் காலி, ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. அண்ணன் அதைக் கழற்றிச் சாவியைத் திருப்பியதும் வண்டி 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது.

"சீட்டுல ஆள் உக்காந்து பெல்ட் போடலேன்னா இப்படிக் கத்தும்," என்றான் அண்ணன். "அடியில இருக்கிற சென்சார் கெட்டுப்போச்சு. காலி சீட்டுல யாரோ இருக்கிறதா நினைச்சுக்குது."

"பெல்ட்டை மாட்டியே வைங்க," என்றார் விற்பவர். அப்போதுதான் அவர் குரலையே கேட்டார்கள். "மாட்டியிருந்தா கத்தாது."

டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு பழைய இன்ஹேலர் கிடந்தது. அவள் கைப்பையில் இருப்பதும் அதே மருந்து. இந்த வீட்டிலும் ஒரு ஜீவன் மூச்சுக்குப் பாடுபட்டிருக்கிறது, இவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று அவள் மனசு இளகிவிட்டது. அவர் அதை வெடுக்கென்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தும் அவள் காரை வாங்கினாள்.

அண்ணன் கிளட்ச் மாற்றினான், பிரேக் மாற்றினான், கையோடு சென்சாரையும் கழற்றி டூல் பெட்டியில் போட்டான். "இனிமே பெல்ட்டும் வேணாம், கச்சேரியும் இருக்காது," என்று சிரித்தான். சும்மா சொல்லக்கூடாது, கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மழை வலுத்த ஒரு சாயங்காலம் குருவிக்கு இரைப்பு வந்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. பிள்ளையைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். உள்ளே காயாத துணியின் வாடை. பின்னாலிருந்து இரைப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது கேட்கிறவரை பிள்ளை மூச்சு விடுகிறது. அதைக் காதில் பிடித்துக்கொண்டே ஓட்டினாள்.

"இதோ வந்துட்டோம்டா தங்கம். மெதுவா மூச்சு விடு."

ஈஈ... ஈஈ...

பாலத்தைத் தாண்டியதும் குருவி தெளிவாகப் பேசினாள்.

"அம்மா, எனக்குச் சரியாயிடுச்சு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஈஈ... ஈஈ...

இரைப்பு நிற்கவில்லை.

அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். குருவி வாயை இறுக மூடிக்கொண்டு, தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து சன்னல் கண்ணாடியில், ஓர் ஆளின் வாய் இருக்கும் உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

"முன்சீட்டுல இருந்தவங்கம்மா," குருவி கிசுகிசுத்தாள். "இப்ப இங்க வந்துட்டாங்க."

ஆஸ்பத்திரி வாசல்வரை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. பிள்ளையின் நெஞ்சில் இரைப்பின் சுவடே இல்லை என்றார் டாக்டர். அண்ணனை வரவழைத்து அவனையே ஓட்டச் சொன்னாள். வீடு வரும்வரை காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. இறங்கியபோது குருவி பின்கதவைக் கொஞ்ச நேரம் திறந்து பிடித்தபடி நின்றாள். கொட்டுகிற மழையில் ஏனென்று யாரும் கேட்கவில்லை.

விடிந்ததும் நடந்ததையெல்லாம் அண்ணனிடம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "அந்த சென்சாரைத் திரும்ப மாட்டுண்ணா."

"இதைத்தான் வித்துடப்போறோமே. எதுக்கு?"

"கத்தினாத்தான் அது எங்கே உக்காந்திருக்குன்னு தெரியும். அப்பத்தான் பெல்ட்டைப் போட முடியும்."

அண்ணன் சிரிக்கவில்லை. மாட்டினான். பக்கத்து சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்து, எட்டிச் சாவியைத் திருப்பினான். வண்டி கத்தியது. எழுந்தான். சத்தம் நின்றது. உட்கார்ந்தான், கத்தியது. எழுந்தான், நின்றது.

"சென்சார் கெடவே இல்லம்மா," என்றான். "இப்ப சீட் காலி."

இருவரும் அந்தக் கத்தாத வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குருவி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்தே இறங்கிட்டாங்கம்மா," என்றாள். "பாவம், மூச்சு விட முடியாம இருந்தாங்க. நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டேன்."

வீட்டுக்குள்ளே, குருவி படுக்கும் அறையிலிருந்து அந்த இரைப்புச் சத்தம் கேட்டது.