காப்பு அவிழும் வரை

மழை விட்டு, செம்பனைத் தோட்டத்து ஈர வாடை சன்னல் வழியே வீட்டுக்குள் ஊறிக்கொண்டிருந்த அந்தி நேரத்தில், பளிச்சென்று எரியும் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, "கரண்டு எப்ப வரும், தனேசு?" என்று கேட்டான் புனிதன்.

அடுப்படியில் நின்ற தனேஸ்வரி ஓடிவந்தாள்.

புருஷனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தும் விட்டுப் போகாதவள் அவள். அவன் மாத்திரையைத் தினமும் அவளேதான் எடுத்துக் கொடுப்பாள். கண் மங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது என்று போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சிபிலிஸ் என்ற இன்னொரு நோயும் சேர்ந்து மூளைவரை ஏறியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. முதுகுத்தண்டு நீரைச் சோதிக்க வேண்டும், உடனே தங்கி மருந்து ஏற்றினால் காப்பாற்றிவிடலாம். "நீயும் டெஸ்டுக்கு ரத்தம் குடும்மா. உள்ளங்கையில செவப்பு புள்ளி வந்தா, அதுவும் இந்த சிபிலிஸ்தான்."

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. மாமியார் இராஜம்மா, மகன் பிழைக்க வேண்டுமென்று, மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் கையில் காப்புக் கட்டிவிட்டாள். காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா கண்ணைக் கேட்பாளாம். தனேஸ்வரியும் பயந்துபோனாள். திருவிழா முடியட்டும், நாளைக்குத்தானே காப்பு அவிழ்க்கிறார்கள் என்று இருந்துவிட்டாள். பாவி.

கற்பூரத்தை ஏற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுடர் ஆடியது. அவன் கண் ஆடவில்லை.

தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்.

ஆத்தாவாவது, எல்லையாவது. கத்தியை எடுத்துவந்து மஞ்சள் கயிற்றை அறுத்தாள்.

"கெளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பக்கத்தில் காலியாய்க் கிடந்த நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

"தனேசு, யாரிது? கத்தியோட வந்திருக்கு. நீ பயப்படாத, நான் இருக்கேன்லா."

"நான்தாங்க தனேசு."

அவன் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, காலி நாற்காலி சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். சரி, சரி என்று தலையாட்டினான்.

அறுந்த காப்பு அவள் உள்ளங்கையில் கிடந்தது. அதை உதறினாள். கையில் கறை. காப்பு மஞ்சள் என்று நினைத்துச் சேலையில் தேய்த்தாள்.

போகவில்லை.

விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். இரண்டு கையிலும். சிவப்புப் புள்ளிகள்.

புனிதன் கையை நீட்டி, நாற்காலியில் இல்லாதவளின் தலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தான்.