பூட்டிய அறையில் பொங்கிய மாவு

ஒரே ஒரு தும்மலை வைத்துக் குற்றவாளியைப் பிடித்த துப்பறிவாளர் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். அதுவும் வலது காலை வெந்நீர் வாளிக்குள் விட்டபடி, குற்றம் நடந்த அறையைக் கண்ணால்கூடப் பார்க்காமல். தும்மலும் என்னுடையது இல்லை.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, நான் பழகிவிட்டேன்.

கால் வாளிக்குள் போனதற்குக் காரணம், ஓடுகிற லிஃப்டை ஒற்றைக் காலால் நிறுத்தியதில் வந்த சுளுக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று என் மனைவி சொல்லித் திரிகிறாள். அவள் கண்ணுக்கு எப்போதும் சின்ன விஷயங்கள்தான் படும். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கைபேசியில் இருக்கும் பழுதுபார்ப்போர் குழுதான் எனக்கு உலகம். எது கெட்டுப்போனாலும் படம் பிடித்துப் போட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வழி சொல்வார்.

குழுவை நடத்துபவர் என் சம்பந்தி. ஓய்வு பெற்ற நூலகர். வீட்டு வெங்காயத்தைக்கூட அளவு வாரியாக அடுக்குகிற மனிதர். நான் குழுவில் எந்தக் கதை சொன்னாலும் கீழே வந்து, “இது நடக்கவில்லை” என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்.

“ஒரே சந்தைக்கடையா இருக்கு சம்பந்தி. பூட்டைப் பத்திக் கேட்டா மிக்சியைப் பத்திப் பதில் வருது” என்று ஒருநாள் குழுவைக் கூறு போட்டுவிட்டார். குளிர்சாதனத்துக்கு ஓர் அறை, விளக்குக்கு ஓர் அறை, பூட்டுக்கு ஓர் அறை. எல்லாரும் கூடிப் பேசிய பெரிய கூடத்துக்கு மூடுவிழா. வாயை அடக்க முடியாத நான் எல்லா அறைகளிலும் சேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை, முதல் காபி.

குளிர்சாதன அறையில் ஒரு பெண்ணின் குரல்பதிவு. பேக்கரி நடத்துகிறவர்.

“மறுபடியும் போச்சு சார்! ராத்திரி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டுப் போன ரொட்டி மாவு அத்தனையும் பொங்கி வழிஞ்சு, புளிச்சு அமுங்கிக் கிடக்கு. ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது. காலையில நான் கதவைத் திறக்கறேன், அப்பதான் உர்ருனு கிளம்புது. யாரோ வேணும்னே பண்றாங்க.”

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் படம் கேட்டார், சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார், பொறுமையாக எல்லாம் பார்த்தார். “மெஷின்ல கோளாறு இல்லம்மா. ஆனா மாவு இப்படி ஆகணும்னா மணிக்கணக்கா அது ஓடாம இருந்திருக்கணும்.”

அந்த அம்மாள் பூட்டு அறைக்கு ஓடினார். அங்கிருந்த பூட்டுக்காரர், அவர் போட்ட கதவுப் பூட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். “கம்பி விட்ட கீறல் ஒண்ணுகூட இல்ல. யாராவது உள்ள போயிருந்தா, சாவி போட்டுத்தான் போயிருக்கணும். சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு. என் கொழுந்தன்கிட்ட ஒண்ணு.”

நான் வாளியில் வெந்நீர் ஊற்றச் சொல்லிவிட்டு, பேக்கரி அம்மாளைக் கூப்பிட்டேன்.

“கொழுந்தனுக்கு உங்க மேல கோபமாம்மா?”

“கடையை வித்துடலாம் அண்ணின்னு ஒருதரம் சொன்னான்.”

“எந்தெந்த ராத்திரி மாவு கெடுது?”

“மாவு பிசையற அண்ணன் லீவு போடுற ராத்திரி மட்டும்தான். மத்த நாள் அவர் விடிய விடிய அந்த அறையிலதானே வேலை செய்வாரு. ஆள் இல்லாத நாளாப் பார்த்து வர்றான் சார்!”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“நாளைக்குப் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பச் சொல்லிட்டேன். நான் கல்யாணமாகி வந்தப்ப அவன் அரை டிராயர் போட்டுக்கிட்டு நின்னவன். சோறு ஊட்டி வளர்த்த கை சார் இது.”

மாவு போனால் மறுபடி பிசைந்துகொள்ளலாம். வளர்த்த பிள்ளை போனால்?

இரண்டாவது காபி.

கால் வாளியில், மூளை வானத்தில். விளக்கு அறையில் ஓர் இளைஞர் அங்கிருந்த விளக்குக்காரருக்குப் போட்ட நன்றி திடீரென்று ஞாபகம் வந்தது. “அண்ணே, நீங்க சொன்ன சென்சாரை மாட்டிட்டேன். எங்க அண்ணி லைட்டை அணைக்க மறந்துடுவாங்க. இப்ப உள்ள போனா தானா எரியுது, வெளிய வந்துட்டா தானா அணையுது. ரொம்ப நன்றிண்ணே.” கூடவே சுவிட்ச் பலகையின் படம். அதன்மேல் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. சுண்ணாம்பு என்று அப்போது நினைத்தேன்.

இங்கே நிறுத்தி நீங்களும் யோசிக்கலாம். என் கையில் இருந்த தடயம் முழுக்க இப்போது உங்கள் கையிலும் இருக்கிறது. வாளி மட்டும்தான் இல்லை.

நான் சம்பந்தியைக் கூப்பிட்டேன்.

“அந்தம்மா பேக்கரி உங்க அடுத்த தெருவுலதானாம், உடனே போங்க. மாவு அறையில ஒரு ஸ்டூல் போட்டு, ஆடாம அசையாம உக்காருங்க. கதவை வெளிய பூட்டச் சொல்லிட்டேன்.”

“சுளுக்கு கால்லதானே? மூளைக்கு ஏறிடுச்சா?”

“அத்தனை வருஷம் நூலகத்துல அதைத்தானே செஞ்சீங்க?”

திட்டிக்கொண்டேதான் போனார். ஆனால் போனார். அவர் சட்டைப்பையில் கைபேசி, மறுமுனையில் நான். வெளியே பேக்கரி அம்மாளும், அவர் முகத்தைப் பார்க்காமல் கொழுந்தனும்.

ஃப்ரிட்ஜின் உர்ர் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சம்பந்தி மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. சிலையாக உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சட்டென்று உர்ர் நின்றது.

“சம்பந்தி,” ரகசியக் குரல், “லைட்டு போச்சு. ஃப்ரிட்ஜும் போச்சு. அறைக்குள்ள ஒரு ஈ காக்கா இல்ல.”

“அசையாதீங்க.”

“மூக்குல மாவு...”

அப்புறம் வந்தது அந்தத் தும்மல். கைபேசியே அதிர்ந்தது. என் வாளித் தண்ணீர் அலையடித்தது.

அடுத்த கணமே உர்ர்ர்!

“கதவைத் திறங்கம்மா,” என்றேன். “குற்றவாளி சுவத்துல இருக்கு. உங்க கொழுந்தன் மாட்டின சென்சார்தான். ஆள் அசையலேன்னா அது கரன்ட்டை நிறுத்திடும். நீங்க நினைச்ச மாதிரி, ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரும் வரல. ஆள் இல்லாததாலதான் கரன்ட் போச்சு. அந்த அறையில லைட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரே வயர். பிசையறவர் நடமாடினா ரெண்டும் ஓடும். அவர் லீவு போட்டா ரெண்டும் தூங்கும். காலையில நீங்க காலெடுத்து வெச்சதும் முழிச்சுக்கும். கதவைத் திறக்கறப்பதான் கிளம்புதுன்னு நீங்களே சொன்னீங்களே!”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணி, லைட்டுக்குன்னு நினைச்சுத்தான் மாட்டினேன்.” கொழுந்தன் குரல். “கடையை விக்கச் சொன்னதும், நீங்க சரியாத் தூங்கியே எத்தனை நாளாச்சுன்னுதான்.”

“பெட்டியைக் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்.”

“போய் அவுத்து வை. மொதல்ல சாப்பிட்டியா நீ?”

அதற்குமேல் ஒட்டுக்கேட்க எனக்கே மனம் வரவில்லை. கண்ணில் ஏதோ தூசி. கைபேசி வழியாக மாவு பறந்து வந்திருக்கும்.

சாயங்காலம் அந்த அம்மாள் மூன்று அறைகளுக்கும் போய் நன்றி சொன்னார். விளக்குக்காரர் துடித்துப்போனார்: “அந்த வயர்ல வேற என்ன இருக்குன்னு நான் கேட்டிருக்கணும்மா.” அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அது விளக்கு அறை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஏனென்றால் அது குளிர்சாதன அறை. நடுவில் சம்பந்தி எழுப்பிய சுவர்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன அறைகள் இல்லாவிட்டால், மெக்கானிக் பொறுமையாகக் காதால் கேட்டுச் சொன்ன பதிலும், பூட்டுக்காரர் கீறல் தேடிச் சொன்ன பதிலும் மிக்சிச் சண்டையில் மூழ்கியிருக்கும். அவர்கள் கொடுத்த இரண்டு தடயங்களால்தான் நான் மேதாவி ஆனேன். அவர்கள் எந்த ஊரென்றுகூட எனக்குத் தெரியாது. இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

சம்பந்தி அறைகளை அப்படியே வைத்தார். மூடிய கூடத்தை மட்டும் மறுபடி திறந்தார். எந்த அறையிலும் தீராத கேள்வி இனிமேல் அங்கே வரும், எல்லாத் தொழில்காரர்களும் பார்ப்பார்கள்.

கூடத்தின் முதல் பதிவு என்னுடையது. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். தும்மலில் பேக்கரிக் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்ததையும் விடவில்லை.

மொத்தக் குழுவும் சிரித்தது. “தும்மினா ஃப்ரிட்ஜ் ஓடுமா? பெரியவர் ஆரம்பிச்சுட்டாரு! நூலகர் ஐயா எங்கே, வந்து மறுப்பு போடுங்க!”

சம்பந்தி தட்டச்சு செய்வது தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது:

“கூரை பறக்கவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. தும்மியது நான்தான்.”